காலித் தோட்டாவைப் பதமாக்குவது: ஹூஸ்டனிலிருந்து காரைக்குடி வந்தவர் கேட்டதற்குப் பதில்

கேள்வி இதுதான்: “ஹூஸ்டனில் வேலை. லீவுக்குக் காரைக்குடி வந்திருக்கிறேன். அங்கே .308 போல்ட் ஆக்ஷன் ஒன்றும் .223 ஏஆர் ஒன்றும் வைத்து ரேஞ்சில் சுடுகிறேன். சுட்ட கேஸ் அறுநூறு சேர்ந்துவிட்டது. ரீலோடிங் தொடங்க எந்த ப்ரெஸ் வாங்கலாம், கேஸை எப்படித் தயார் செய்வது? அடுத்த தடவை வரும்போது கேஸை இங்கே கொண்டுவந்து, பாத்திரம் பாலிஷ் போடுகிறவரிடம் கொடுத்துப் பளபளப்பாக்கி எடுத்துப் போகலாமா? ஐயா காலத்துப் பன்னிரண்டு போர் தோட்டாவும் வீட்டில் கொஞ்சம் கிடக்கிறது. அதை என்ன செய்வது?”

ரீலோடிங் என்பது சுட்ட கேஸில், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டில், புது ப்ரைமர் (அடிபட்டதும் பொறி தரும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன், நீங்கள் இப்போது ஊரில் இருப்பதால்.

கேஸை இங்கே கொண்டுவராதீர்கள். ஒன்றுகூட வேண்டாம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ‘அம்யூனிஷன்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் முழுத் தோட்டாவோடு தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரமும் அடக்கம். சுட்டுப்போட்ட வெறும் பித்தளைக் கூடு, கூட்டை அழுத்தி அளவாக்கும் ப்ரெஸ், அதில் மாட்டும் அச்சான டை எல்லாமே அந்த விளக்கத்துக்குள் வந்துவிடும். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை 5ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, கூடினால் ஆயுள். வீட்டில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறதே என்றால், அது உரிமம் பெற்ற கடையில் தோட்டா வாங்கத்தான் உதவும். தயாரிப்பதற்கான உரிமம் வேறு. ஆகவே இதன் பிறகு நான் எழுதுவது முழுவதும் ஹூஸ்டனில் உங்கள் கராஜுக்கு. காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டில் இதில் ஒரு வேலையையும் செய்து பார்க்காதீர்கள்.

ஐயா காலத்துத் தோட்டாக்களைப் பிரிக்க வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம், ஊருணியிலோ குப்பையிலோ போட வேண்டாம். பழைய தோட்டாவில் பித்தளை அடி பச்சைப் பிடித்திருக்கும், அட்டை ஊறிப்போயிருக்கும், ஆனால் ப்ரைமர் உயிரோடு இருக்கும். இருக்கிற இடத்திலேயே பெட்டியைப் பூட்டி வையுங்கள். லைசென்ஸ் யார் பேரில் இருந்தது என்ற தாள்களைத் தேடி எடுங்கள். வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். நீங்களே பையில் போட்டு டூவீலரில் எடுத்துப் போவது சரியான வழி ஆகாது. லைசென்ஸ்தாரர் காலமாகியிருந்தால் அந்த உரிமம் தானாக வாரிசுக்கு வந்து சேராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அமெரிக்கப் பக்கத்திலும் நம் ஆட்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எச்-1பி, எல்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ அம்யூனிஷனோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அதற்குள்ள விலக்குகளில் நமக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. அங்கேயும் அம்யூனிஷன் என்ற விளக்கத்துக்குள் கேஸ், ப்ரைமர், குண்டு, மருந்து நான்கும் தனித்தனியாகவே வருகின்றன. ஆகவே விசாவில் இருந்தால், வேட்டை லைசென்ஸ் முடிகிற தேதியை ப்ரெஸ் மேலேயே ஒட்டி வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்யக் கூட்டாட்சி உரிமம் வேண்டாம். செய்ததை விற்கத் தொடங்கினால் வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது விவரம் தெரிந்த ஆச்சிமார் ஒரு பித்தளைக் குடத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று கவனித்திருப்பீர்கள். பளபளப்பில் கண் நிற்காது. விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள், கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டுவார்கள், அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். தோட்டாக் கூட்டுக்கும் வாய், கழுத்து, தோள், உடம்பு, அடி என்று அதே உறுப்புகள்தான். பார்க்க வேண்டிய இடங்களும் ஏறக்குறைய அதேதான். செம்பு 70, துத்தநாகம் 30 சேர்ந்த பித்தளை அது. அடிக்க அடிக்க இறுகும், காய்ச்சினால் இளகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு சேம்பரின் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) சுவர்வரை விரிகிறது, ஒவ்வொரு முறை டையில் ஏற்றும்போதும் சுருங்குகிறது. கன்னார் சுத்தியலால் தட்டித் தட்டிப் பித்தளையை இறுக வைப்பதும் இதுவும் ஒன்றே. இறுகிய பித்தளை வில்லைப் போல் திமிறும். அளவு நிற்காது, கடைசியில் விரியும். கருவி தேர்ந்தெடுப்பதிலிருந்து கடைசி அளவு பார்ப்பதுவரை எல்லாமே இந்த இறுக்கத்தைக் கையாளுவதற்குத்தான்.

அதனால்தான் ப்ரெஸ்ஸில் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்கிறேன். முதல் ப்ரெஸ் சிங்கிள் ஸ்டேஜாக இருக்கட்டும். ஒரு இழுப்புக்கு ஒரு கேஸ், ஒரு வேலை. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட், ரெடிங் பிக் பாஸ் ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் ஆயுசுக்கும் உழைக்கும். வார்ப்பிரும்பு உடம்பு, கேஸைத் தாங்கி நேராக ஏறி இறங்கும் ராம் என்ற தண்டு, 7/8-14 மரை (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று) இந்த மூன்றும்தான் முக்கியம். அந்த மரை இருந்தால் எந்தக் கம்பெனி டையும் பொருந்தும். பழையதாகக் கிடைத்தாலும் வாங்கலாம். ராமை மேலே ஏற்றிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

டில்லன் 550, 750 போன்ற ப்ரோக்ரஸிவ் ப்ரெஸ் நல்ல இயந்திரம்தான். ஒரு இழுப்பில் நான்கைந்து வேலை நடக்கும். அதுவேதான் புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆபத்து. கேஸ் ஒன்று வழக்கத்தைவிட எளிதாக ஏறுகிறது, ப்ரைமர் தளர்வாக உட்காருகிறது என்பதைக் கை உணர்வதற்குள் இயந்திரம் அடுத்த நிலையத்துக்குப் போய்விடும். ஒரு கேஸில் மருந்து விழாமல் போவதும் இன்னொன்றில் இரண்டு முறை விழுவதும் இப்படிக் கவனம் சிதறும்போதுதான். கை பழகட்டும், பிறகு பார்க்கலாம். டைகளைச் சுழலும் தலையில் மாட்டும் டரட் ப்ரெஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் இரண்டு காலிபருக்கும் அது அவசியம் இல்லை.

கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் சின்னச் சாமான், ஆனால் எண் மாறினால் கேஸ் நழுவும். ஆர்சிபிஎஸ்ஸில் .308க்கு 3ஆம் எண், .223க்கு 10ஆம் எண். லீயில் எண்கள் வேறு. டையும் ஹோல்டரும் ஒரே கம்பெனியாக இருந்தால் குழப்பம் குறையும்.

டை இரண்டு காலிபருக்கும் ஃபுல் லெங்க்த், அதாவது கேஸ் முழுவதையும் சுருக்குவது, வாங்குங்கள். கழுத்தை மட்டும் சுருக்கும் நெக் டை போல்ட் ஆக்ஷனுக்கு, அதாவது சேம்பரை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடும் துப்பாக்கிக்கு, நல்லது என்று சொல்வார்கள். சில சுடுதலுக்குப் பிறகு உடம்பு பெருத்து போல்ட் மூட மறுக்கும், அப்போது எப்படியும் ஃபுல் லெங்க்த் தேவைப்படும். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் ஏஆருக்கு நெக் டை கூடவே கூடாது. இதோடு ப்ரைமரை மட்டும் தட்டி எடுக்கும் யுனிவர்சல் டிகேப்பிங் டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அழுக்குக் கேஸை விலையுயர்ந்த டைக்குள் விடாமல் இருக்க அதுதான் வழி.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் அளவுக் கருவிகள். ஆயிரத்தில் ஒரு அங்குலம் காட்டும் நல்ல கேலிப்பர். கேஸின் அடியிலிருந்து தோள்வரை அளக்க அதில் மாட்டும் ஹெட்ஸ்பேஸ் கம்பரேட்டர், .308க்கு 0.400 அங்குல வளையம், .223க்கு 0.330. கேஸ் சேம்பருக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒவ்வொரு காலிபருக்கும் ஒரு கேஸ் கேஜ். கேஸ் ட்ரிம்மர், உள்வாயும் வெளிவாயும் சீவும் கருவி, ப்ரைமர் குழி சுரண்டும் கருவி. 0.1 கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் அலகு) காட்டும் தராசோடு அதைச் சோதிக்க எடைக்கற்களும். டிஜிட்டல் தராசு மின்விசிறிக் காற்றிலும் ஏசி காற்றிலும் நகரும். நகைக்கடையில் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைப்பது இதற்காகத்தான். கம்பரேட்டர் இல்லாமல் ரீலோடிங் தொடங்குவதைவிட, ப்ரெஸ்ஸை ஒரு படி மலிவாக வாங்கிவிட்டு அதை வாங்குவது மேல். கடைசியாக, லைமன், ஹார்னடி, சியெரா இவற்றில் ஏதாவது இரண்டின் புதிய பதிப்புக் கையேடு. மருந்தின் அளவை அதில் மட்டும் பாருங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு எண்ணைக்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் இங்கே எந்த மருந்து அளவும் தரப்போவதில்லை.

இப்போது அந்த அறுநூறு கேஸ்.

முதல் வேலை பிரிப்பது. .308, .223 தனித்தனி. பிறகு அடியில் குத்தியிருக்கும் எழுத்தைப் பார்த்துக் கம்பெனிவாரியாகப் பிரியுங்கள். .308 போலவே இருக்கும் ராணுவ 7.62 கேஸ் பொதுவாகச் சுவர் தடித்தது, உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும். அதனால் அதைக் கலக்கவே கூடாது, மருந்தும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். இரும்புக் கேஸ் இருந்தால் காந்தம் சொல்லிவிடும், தூக்கிப் போடுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, நமக்கு ஆகும். சின்னதாக இரண்டு துளை இருந்தால் பெர்டன் வகை. அதில் ஊசியை இறக்கினால் டிகேப்பிங் ஊசி உடையும். பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். இன்று அமெரிக்காவில் விற்பது ஆங்கிலேயர் முறை, பெர்டன் முறை தங்கியதோ ஐரோப்பாவில்.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதனை. கழுத்தில் விரிசல், தோளில் நசுங்கல் கண்ணுக்குத் தெரியும். தெரியாத இடம் அடிக்குச் சற்று மேலே, கால் அங்குல உயரத்தில் இருக்கிறது. தடித்த அடியும் மெல்லிய சுவரும் சேரும் அந்த வளையத்தில்தான் கூடு நீண்டு நீண்டு உள்ளுக்குள் தேயும். வெளியே ஒரு பளிச்சென்ற கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சோதிக்க, பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் செங்குத்தாக மடித்து, அந்த நுனியைக் கல்லில் கூராக்கிக்கொள்ளுங்கள். கேஸின் உட்சுவரில் நுனியை அழுத்தியபடி அடியிலிருந்து மேலே இழுங்கள். நல்ல கேஸில் வழவழவென்று ஏறும். தேய்ந்த கேஸில் அந்தக் கால் அங்குல உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலில் தெரியும். அது தெரிந்த கேஸ் இன்னொரு முறை சுட்டால் இரண்டாகப் பிரியலாம், சூடான வாயு போல்ட் வழியாக முகத்தை நோக்கி வரும். அந்தக் கேஸை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் ஸ்கிராப் டப்பாவில் போட வேண்டும், மறுபடி கலந்துவிடாமல் இருக்க.

கேஸைச் சுத்தம் செய்வதற்கு முன்பே ப்ரைமரைத் தட்டி எடுத்துவிடுங்கள். பழைய ப்ரைமர்த் தூளில் ஈயக் கலவை உண்டு. இந்த வேலையைச் சமையலறையில் செய்யக் கூடாது, சமையல் பாத்திரத்தில் கழுவக் கூடாது, குழந்தைகள் நடமாடும் இடத்தில் தூள் பறக்க விடக் கூடாது. கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்பால் கை கழுவுங்கள். அந்த உடையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

சுத்தம் செய்வதற்கு இரண்டு வழி. உலர்முறையில், அதிரும் டம்ளரில் மக்காச்சோளச் சக்கையோ வால்நட் ஓட்டுத் தூளோ போட்டு 2 முதல் 4 மணி நேரம் ஓட விடுவது. மலிவு, எளிது. ஆனால் ஈயத்தூள் அந்தச் சக்கையில் சேர்ந்துகொண்டே போகும். மூடியைத் திறப்பதும் சலிப்பதும் வெளியே காற்றாடத்தான். ஈரமுறையில், சுழலும் டிரம்மில் சிறிய ஸ்டீல் ஊசிகள் 5 பவுண்டு, தண்ணீர் சுமார் ஒரு கேலன், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு ஒரு சிறு கரண்டி, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கால் தேக்கரண்டி. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும். தூள் பறக்காது, உள்சுவரும் ப்ரைமர் குழியும்கூடத் துலங்கும். நான் ஈரமுறையைத்தான் சொல்வேன். ஆனால் நேரம் கூட்டாதீர்கள். நீண்ட நேரம் ஓடினால் கேஸ்கள் ஒன்றோடு ஒன்று மோதி வாய் விளிம்பு சுத்தியல் பட்டது போல் மழுங்கிப் பிதுங்கும். ஓடி முடிந்ததும் ஒவ்வொரு கேஸையும் தலைகீழாக உதறி, ஊசி உள்ளே சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ப்ரைமரின் பொறி உள்ளே போகும் ப்ளாஷ் துளையில் இரண்டு ஊசி நெருக்கிக்கொண்டு நின்றால் உதறினாலும் விழாது.

புளிக்கு வருகிறேன், நீங்கள் மனதில் வைத்திருப்பது அதுதான். புளியும் எலுமிச்சையும் அமிலம், கறுப்பை எடுக்கும். ஆனால் பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதற்கு முன் உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசச் சொல்வது ஏன்? அமிலம் பித்தளையையே கரைக்கும் என்பது நம் வீடுகளில் தெரிந்த விஷயம். புளியில் ஊறவைத்து மறந்துபோன சொம்பு மறுநாள் செம்பு நிறத்தில் சிவந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல்தோலிலிருந்து துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சொம்புக்கு அதனால் கேடில்லை. சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டிய மெல்லிய சுவருக்கு அது கூடாது. அதனால்தான் எலுமிச்சை உப்பு கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், ராத்திரி முழுக்க ஊற விடவும் வேண்டாம். புளியோடு உப்பைச் சேர்த்துத் தேய்க்கும் பழக்கம் இன்னும் மோசம், உப்பு ஈரத்தோடு தங்கினால் அரிக்கும். பாத்திரம் தேய்க்கும் பொடியில் அராவும் துகள் இருக்கும். அது பித்தளையில் பதிந்து டையையும் சேம்பரையும் கீறும். பாலிஷ் பட்டறையில் பஃப் சக்கரத்தில் பிடித்தால் சூடேறும், சுவர் எவ்வளவு தேய்ந்தது என்று யாருக்கும் தெரியாது. சட்டம் அனுமதித்தாலும் நான் கேஸை அந்தச் சக்கரத்தில் கொடுக்கச் சொல்லமாட்டேன்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அம்மோனியா. பித்தளை மெருகுத் திரவங்கள் சிலவற்றிலும் கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அது இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் சுடாமலே கழுத்தில் விரிசல் கண்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, மழைக்கால ஈரம், குண்டை இறுகப் பிடித்திருந்த கழுத்தில் அடைபட்டிருந்த விசை, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். பருவ விரிசல் என்ற பெயரே நம் நாட்டு மழைக்காலத்தால் வந்தது. ஹூஸ்டனின் ஈரக் காற்றும் நம் ஐப்பசிக்குக் குறைந்ததல்ல. லேபிளில் அம்மோனியா என்று இருக்கும் எதையும் கேஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துண்டில் உருட்டி, வெயிலில் காயவையுங்கள். அவசரமென்றால் இந்த வேலைக்கென்று தனியாக வைத்த சின்ன அவனில் 90 டிகிரி செல்சியஸுக்குள் ஒரு மணி நேரம். அதற்கு மேல் சூடு வேண்டாம், காரணம் அடுத்து வருகிறது.

பதமாக்குவது. நான்கைந்து முறை சுட்ட கேஸின் கழுத்து இறுகியிருக்கும். டையிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் திமிறி விரியும், ஒரு கேஸ் குண்டை இறுக்கமாகப் பிடிக்கும், அடுத்தது தளர்வாகப் பிடிக்கும், பிறகு கழுத்து பிளக்கும். அதனால் மூன்று சுடுதலுக்கு ஒரு முறையாவது கழுத்தையும் தோளையும் நெருப்பில் காட்டுங்கள். ப்ரைமர் இல்லாத, காலிக் கேஸ் மட்டும்தான். மருந்தும் ப்ரைமரும் இருக்கும் அறையில் இந்த வேலை கூடாது.

பட்டறையில் பாத்திரம் முழுவதும் தணலில் கிடக்கும். இங்கே கழுத்தும் தோளும் மட்டுமே சூடேற வேண்டும். அடி இறுகியே இருக்க வேண்டும், அங்கேதான் முழு அழுத்தமும் விழுகிறது. அடி இளகிய கேஸுக்குப் பரிகாரமே இல்லை, குப்பைதான். மெதுவான டிரில்லில் ஆழமான சாக்கெட் மாட்டி, .308க்கு 13 மி.மீ., .223க்கு 10 மி.மீ., அதில் கேஸை நிறுத்திச் சுழற்றுங்கள். ப்ரோபேன் டார்ச்சின் உள் நீலக் கூம்பின் நுனி கழுத்தும் தோளும் சேரும் இடத்தைத் தொடட்டும். கழுத்துக்குச் சில வினாடிக்கு 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். நேரத்தை ஊகிக்க வேண்டாம். குறிப்பிட்ட சூட்டில் உருகும் டெம்பிலாக் என்ற பூச்சு கிடைக்கிறது. 750 ஃபாரன்ஹீட் வகையைக் கழுத்தின் உள்ளேயும், 450 வகையைத் தோளுக்கு அரை அங்குலம் கீழேயும் பூசி, ஸ்கிராப் டப்பாவிலிருந்து எடுத்த நான்கைந்து கேஸில் பரிசோதியுங்கள். மேலே உருக வேண்டும், கீழே உருகக் கூடாது. அந்த வினாடிக் கணக்கு 5 முதல் 8க்குள் வரும், கிடைத்ததை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைக் குறைத்துப் பார்த்தால் கழுத்தில் ஒரு நிழல்போன்ற மங்கல் சிவப்பு எட்டிப் பார்க்கும். அது தெரிகிற கணமே எடுத்துவிட வேண்டும். தகதகவென்று சிவந்தால் மிஞ்சிப்போயிற்று, இடுக்கியால் லேசாக அழுத்தினாலே ஈயக் குழாய்போல் நசுங்கி அப்படியே நிற்கும். தண்ணீரில் போட்டால் இறுகிவிடுமோ என்ற பயம் வேண்டாம், இரும்புக்குத்தான் அந்தக் குணம். பித்தளையைத் தண்ணீரில் போடுவது சூடு அடிக்கு இறங்காமல் தடுக்கும், அவ்வளவே.

அடுத்து எண்ணெய் பூசி டையில் ஏற்றுவது. பூசாமல் ஒரு .308 கேஸை ஏற்றினால் அது டைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். இழுத்தால் விளிம்பு கிழியும், பிறகு அடியில் துளையிட்டு மரை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இம்பீரியல் மெழுகை விரல் நுனியில் தொட்டு உடம்பில் மட்டும் மெல்லியதாகத் தேயுங்கள். நூற்றுக்கணக்கில் செய்யும்போது திரவ லேனோலின் ஒரு பங்கு, 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால் பன்னிரண்டு பங்கு கலந்து தெளித்து உருட்டலாம். தெளித்த பிறகு ஐந்து நிமிடம் பொறுங்கள். ஆல்கஹால் பறக்கும்முன் ஏற்றினால்தான் கேஸ் சிக்கும். தோளில் எண்ணெய் தேங்கினால் அதற்குப் போக இடமில்லாமல் பித்தளையைக் குழித்துவிடும். சின்னக் குழி சுட்டால் நிமிர்ந்துவிடும், மடிப்புபோல் கூராக இருந்தால் தள்ளுங்கள். கழுத்தின் உள்ளேயும் நாலைந்து கேஸுக்கு ஒரு முறை பிரஷ்ஷில் கொஞ்சம் தொட்டு விடுங்கள், இல்லாவிட்டால் கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் டையின் உள்குமிழ் திரும்பி வரும்போது கீச்சிட்டுக் கழுத்தை இழுத்து நீட்டும்.

டை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதுதான் முழு வேலையின் மையம். டையோடு வரும் தாள், ஹோல்டரைத் தொட்டபின் இன்னும் கொஞ்சம் திருகச் சொல்லும். அப்படிச் செய்தால் தோள் தேவைக்கு மேல் பின்னால் போகும். அடுத்த சுடுதலில் கூடு அந்த இடைவெளியை நிரப்ப நீளும். எங்கே நீளும்? அடிக்கு மேல், பேப்பர் கிளிப் தேடிய அதே வளையத்தில். நாலைந்து சுடுதலில் கேஸ் பிரிவதற்குப் பெரும்பாலும் இந்த அமைப்புதான் காரணம். ஆகவே உங்கள் ரைஃபிளில் சுட்டு, ப்ரைமர் எடுத்த கேஸ் ஐந்தைக் கம்பரேட்டரில் அளந்து எழுதுங்கள். டையை ஒரு சுற்று மேலே வைத்துத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். 7/8-14 மரையில் ஒரு முழுச் சுற்று சுமார் 0.071 அங்குலம், அதாவது பத்து டிகிரி திருப்பினால் 0.002. தொடக்கத்தில் அளவு குறைவதற்குப் பதில் கூடும், பதறாதீர்கள். உடம்பை நெருக்கும்போது தோள் முன்னே தள்ளப்படுகிறது. இன்னும் இறக்கினால் திரும்பும். போல்ட் ஆக்ஷனில், சுட்ட அளவைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் குறைந்ததும் நிறுத்துங்கள். ஏஆருக்கு 0.003 முதல் 0.004. அது தானே மூட வேண்டிய துப்பாக்கி, இறுக்கமான கேஸ் முழுக்கப் பூட்டாது. இரண்டுக்கும் ஒரே அமைப்பை வைக்க முடியாது. பதமாக்கிய கேஸும் பதமாக்காத கேஸும் ஒரே டையில் வேறு வேறு அளவு தரும் என்பதும் இங்கே கம்பரேட்டரில் கண்கூடாகத் தெரியும்.

நீளம் பார்ப்பது இதற்குப் பிறகுதான், முன்பு அல்ல, டை கேஸை நீட்டுகிறது. .308க்கு உச்சவரம்பு 2.015 அங்குலம், வெட்டவேண்டிய அளவு 2.005. .223க்கு 1.760, வெட்ட 1.750. நீண்ட கேஸின் வாய் சேம்பர் முனையில் நெரிந்து குண்டை விட மறுக்கும், அழுத்தம் எகிறும். வெட்டியதும் உள்வாயில் இரண்டு சுற்று, வெளிவாயில் ஒரு சுற்று லேசாகச் சீவுங்கள். கத்திமுனைபோல் ஆக்கிவிட்டால் அங்கிருந்தே கழுத்து பிளக்கத் தொடங்கும்.

.223 கேஸில் ராணுவ வகை கலந்திருந்தால் ப்ரைமரைச் சுற்றி ஒரு வளையம் அழுந்தியிருக்கும். ப்ரைமர் வெளியே பிதுங்காமல் இருக்கப் போட்ட கவ்வல் அது. அதை ஸ்வேஜ் கருவியால் தள்ளி அகற்றாமல் புது ப்ரைமரை அழுத்தினால் ப்ரைமர் சாய்ந்து நசுங்கும், வெடிக்கவும் வாய்ப்புண்டு. ஒரு முறை அகற்றினால் போதும்.

மீந்த எண்ணெயைத் துடைத்தெடுங்கள். அல்லது ஊசி இல்லாமல் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் சுழற்றி அலசிக் காயவையுங்கள். எண்ணெய் இருக்கும் கேஸ் சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, முழுச் சுமையையும் போல்ட் மேல் போடும். காய்ந்ததும் ஒவ்வொன்றையும் கேஸ் கேஜில் போட்டு, தன் எடையிலேயே உள்ளே விழுந்து தன் எடையிலேயே வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

ப்ரைமர் ஏற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அது கேஸின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே உட்கார வேண்டும். விரல் நுனியை அடியில் ஓட்டினால் சின்னக் குழி தெரிய வேண்டும், மேடு தெரியக் கூடாது. ஏஆரில் மேடாக நிற்கும் ப்ரைமர் போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். எதிர்ப்பே இல்லாமல் ப்ரைமர் இறங்கினால் குழி விரிந்துவிட்டது, அந்தக் கேஸின் காலம் முடிந்தது.

தயாரான கேஸை ஐம்பது ஐம்பதாகப் பெட்டியில் அடுக்கி, மேலே ஒரு சீட்டு ஒட்டுங்கள்: எந்தத் துப்பாக்கி, எந்தக் கம்பெனிக் கேஸ், எத்தனை முறை சுட்டது, கடைசியாகப் பதமாக்கியது எப்போது, தோள் அளவு என்ன. கேஸை எப்போது ஒதுக்குவது என்று அந்தச் சீட்டை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். ஒரு பெட்டியில் இரண்டு கேஸ் கழுத்து பிளந்திருந்தால் அந்த ஐம்பதையும் மறுபடி பதமாக்குங்கள். ஒரே ஒரு கேஸில் அடி வளையம் தென்பட்டால், ஐம்பதையும் பேப்பர் கிளிப்பால் பார்த்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியை ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள்.